கொல்லைப்புறத்து ஈய அடுப்பு

திங்கள், கும்மிடிப்பூண்டி

காலை ஷிப்டுக்கு வருகிறவர்களை மின்சார ரயில் கும்மிடிப்பூண்டியில் மொத்தமாக இறக்கிவிடுகிறது. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். அவர்களோடு ஒருவராக, இதை எழுதும் குறிப்பேட்டுக்காரரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எழுத வந்தது வீட்டுக் கொல்லையில் ஈயம் உருக்கி வார்ப்பதைப் பற்றி. ஆலையில் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் வீட்டில் என்ன குறைகிறது என்று சொல்ல முடியும் என்பது அவர் கணக்கு.

இங்கே இரும்பு உருட்டாலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும் நடுவே பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இருக்கின்றன. கார், லாரி, இன்வெர்ட்டர் பேட்டரி எதுவானாலும் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். பேட்டரியை உடைத்து, அமிலத்தை வடித்து, தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் மிதக்கும். ஈயம் அடியில் தங்கும். தங்குவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சல்லடை போன்ற உலோகத் தகடு; அது லேசாக உருகும். மற்றது தகட்டில் அப்பியிருக்கும் பசை. அது ஈய சல்பேட்டும் ஆக்சைடும் கலந்த சேறு. அதை வெறுமனே சூடாக்கினால் உலோகம் கிடைக்காது. கரித்தூள், இரும்புத்தூள், சோடா சேர்த்து, சுழலும் உலையில் 1000 டிகிரியை ஒட்டிக் காய்ச்ச வேண்டும். வரும் புகையைத் துணிப்பை வடிகட்டிகள் வழியாக இழுத்துத் தூசியைப் பிடித்த பிறகே புகைபோக்கிக்கு விட வேண்டும்.

வேலை முடிந்தால் சீருடையை ஆலையிலேயே கழற்றிப் போட்டு, குளித்துவிட்டு, வேறு துணியில் வீட்டுக்குப் போவது இந்தத் தொழிலின் ஒழுங்கு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் வரிசை இருக்கிறது. முதல் பெயரே ஈய நஞ்சுதான்.

செவ்வாய், ஜி.என்.டி. சாலை

வீட்டில் வார்ப்பவருக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? கவரைப்பேட்டை தாண்டி நடந்தால் விடை சாலையோரத்திலேயே கிடக்கிறது. டயர் கடையில் சக்கரம் சமன்செய்ய விளிம்பில் மாட்டும் சிறு கட்டிகள், பேட்டரிக் கடையின் பழைய சரக்கு, காயலான் கடையில் எடைக்கு வரும் பழைய குழாயும் கேபிள் உறையும். ஒரு காலத்தில் மூடிய அச்சகங்களின் எழுத்துகளும் இப்படித்தான் கிலோ கணக்கில் உருகப் போயின. அச்செழுத்தில் ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் உண்டு. அதனால்தான் அது அத்தனை கூர்மையாக வார்ந்தது.

எல்லாம் பார்ப்பதற்கு ஒரே சாம்பல் நிறம், குணம்தான் வேறு வேறு. இப்போது சக்கரக் கட்டிகள் துத்தநாகத்திலும் இரும்பிலும் வருகின்றன. ஈயம் 327.5 டிகிரியில் உருகும்; துத்தநாகத்துக்கு 420 வேண்டும். அடுப்பை ஏற்றிக்கொண்டே போனால் துத்தநாகமும் கரைந்து, வார்ப்பையே கெடுத்துவிடும்.

மோசமான சரக்கு பேட்டரித் தகடுதான். புதுவகைத் தகட்டில் கால்சியம் இருக்கும், பழையதில் ஆன்டிமனியும் கொஞ்சம் ஆர்சனிக்கும். இரண்டையும் ஒரே சட்டியில் உருக்கி, வழித்தெடுத்த கசடை மூலையில் கொட்டி, அதன்மேல் மழை பெய்தால் ஸ்டிபின், ஆர்சின் என்ற விஷவாயுக்கள் கிளம்பலாம். பழைய பேட்டரியை விற்றவரிடமோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேர்க்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ல் புது விதிகள் அதை இறுக்கின. காயலான் கடைத் தராசில் அந்த விதிக்கு என்ன எடை என்பது தனிக் கதை.

புதன், பழவேற்காடு

பொன்னேரியிலிருந்து பஸ். ஏரிக்கரையில் வலைகள் காய்கின்றன. மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் ஈயம். வீச்சுவலை என்றால் விளிம்பு முழுக்க ஈயமணி. அந்தக் கனம்தான் வலையை வட்டமாக விரித்துத் தரைக்கு இழுக்கிறது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் ஈயத்தை நிரப்பினால் 11 கிலோவுக்கு மேல் நிற்கும். இவ்வளவு மலிவாக, இவ்வளவு கனமாக, விறகடுப்பிலேயே உருகக்கூடியதாக வேறொன்று கிடைப்பது கஷ்டம். வலைக்கு வேண்டிய குண்டைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே வார்த்துக்கொள்ளும் பழக்கம் மீனவர்களிடையே இருப்பதில் வியப்பு ஏதுமில்லை. ஒரு இரும்புச் சட்டி, நீளக் காம்புக் கரண்டி, இரண்டு பாதியாகப் பிரியும் அச்சு. பட்டறை அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு ஈயம் வேறு வேலைக்கும் வந்தது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்த அவர்களுடைய வெடிமருந்து ஆலையின் சரக்கு கீழைக் கடல்களில் இருந்த அவர்களது மற்ற கோட்டைகளுக்கும் போயிற்று. அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குக் குண்டு வார்ப்பது சிப்பாயே செய்துகொள்ளும் வேலை. இடுக்கி போன்ற அச்சில் ஊற்றி, ஆறியதும் வாலை நறுக்கிவிடுவான். கோட்டை இன்று மண்மேடு. எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறை மட்டும் நிற்கிறது.

அமெரிக்காவில் பலருக்கு இன்றும் இந்தக் குண்டு வார்ப்பு ஓய்வுநேர வேலை. கார் கொட்டகையில் மின்னடுப்பு வைத்து, சக்கரக் கட்டியை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார்கள். இங்கே அந்த ஆசை வந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் படித்துவிடுவது நல்லது. தோட்டா மட்டுமல்ல, தோட்டாவின் பாகமும் அதைச் செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தில் தோட்டாக் கணக்கில்தான் வருகின்றன. உரிமம் இல்லாத பட்டறைக்குத் திறப்பு விழா நடத்தக் காவல் நிலையத்திலிருந்துதான் ஆள் வரும். போட்டிகளில் சுடுகிறவர்களுக்கும் ஆலைத் தோட்டாதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் சுட்டாரே, அந்தப் போட்டித் தோட்டாவில் ஈய ரவை 24 கிராம் என்பது விதி.

ஆக, நம் ஊரில் வீட்டு ஈயப் பட்டறை என்றால் அது வலைக்குண்டுப் பட்டறை.

வியாழன்

அப்படி ஒன்று போடுவதானால் எப்படிப் போடுவது? குறிப்பேட்டுக்காரர் விசாரித்தவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது தீக்காயத்தைத்தான். அந்தப் பயம் நியாயமானதே. உருகிய ஈயத்துக்கு ஜென்ம விரோதி தண்ணீர். ஈரக் கட்டியோ ஈரக் கரண்டியோ உள்ளே போனால், அடியில் மாட்டிய துளி நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். சட்டியில் உள்ளது கூரைவரை தெறிக்கும். எனவே சரக்கையும் அச்சையும் முதலில் சூட்டில் காயவைக்க வேண்டும். வியர்வை சொட்டும் சித்திரை வெயிலில், வெறும் மேலோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டிமேல் குனிவது வேண்டாத வீரம். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, கண்ணாடி, மூடிய காலணி, நாலு பக்கமும் திறந்த கூரை, ஆடாத அடுப்பு. இவ்வளவும் பொறுமை உள்ள யாரும் செய்துகொள்ளக்கூடியவைதான்.

புகையைப் பற்றியும் பேசினார்கள். ஈயம் உருகும் சூட்டில் அதன் ஆவி மிகக் குறைவு. 500 டிகிரியை நெருங்கும்போதுதான் தொந்தரவு பெருகும். வெப்பமானி ஒன்று இருந்தால் அதையும் கட்டிப்போடலாம்.

யாரும் பேசாதது தூசி. உருகிய ஈயத்தின் மேல் படரும் மஞ்சள், சாம்பல் ஏடு காற்றுப்பட்ட ஆக்சைடு. அதை வழித்துக் கீழே தட்டும்போது பொடியாகப் பறக்கிறது. தரையில், விரல் இடுக்கில், சட்டை மடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு வாசனையும் இல்லை, எரிச்சலும் இல்லை. அந்தக் கையால் பீடி பற்றவைத்தால் வாய்க்குள் போகும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னொரு முறை பறக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதுதான் முறை. அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு ஊறவைத்தால் வீட்டில் எல்லார் துணிக்கும் பங்கு. ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும், வெல்லம் தின்றால் போதும் என்று தொழிலாளர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. வெறும் வயிற்றைவிட நிறைந்த வயிறு ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும் என்பது உண்மை. கையைக் கழுவாமல் விட அது சாக்காகாது.

வீட்டுப் பட்டறை தடுக்கி விழும் இடம் இது. அடுப்பையும் கரண்டியையும் வாங்கிவிடலாம். சீருடை கழற்றும் அறையையும் குளியலறையையும் வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க முடியாது. ஆலை வாசலில் தூசி நின்றுவிடுவதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. கொல்லைக்கும் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரு வாசற்படி.

வெள்ளி

ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் கணக்குத்தான் குழந்தைகள் விஷயத்தில். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறுபிள்ளைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவுவரை ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவும் கிடையாது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது அந்த நிறுவனத்தின் 2021 வழிகாட்டி.

இந்தியாவில் பெட்ரோலிலிருந்து ஈயம் 2000-ல் போய்விட்டது. அதற்குப் பிறகு சென்னையில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 756 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. சராசரி 11.4 மைக்ரோகிராம். அளவு கூடிய பிள்ளைகளிடம் கவனக்குறைவும் படபடப்பும் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் நகரத்துப் பள்ளிகளில் படித்தவர்கள்.

ஈயம் வீட்டுக்குள்ளேயே வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி, செனகலில் டகாருக்கு அருகே தியாராய் என்ற கடலோர ஊர். பேட்டரி உடைத்து ஈயம் எடுப்பது அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது. ஈயம் கலந்த மண்ணையே சலித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், விலை கிடைக்கிறது என்று. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. நடுங்கி, வலிப்பு வந்து போன அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நோய் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. உடன்பிறந்தவர்களையும் தாய்மார்களையும் சோதித்தபோதுதான் ஈயம் வெளிப்பட்டது.

ஞாயிறு, மறுபடி பழவேற்காடு

ஈயக் குண்டை விட்டுவிடுங்கள் என்று ஏரிக்கரையில் நின்று உபதேசம் செய்வது சுலபம். பிரிட்டன் 1987-ல் தூண்டிலுக்கான சிறு ஈயக் குண்டுகளை அன்னப்பறவைகளுக்காகத் தடை செய்தது; அங்கே தூண்டில் பொழுதுபோக்கு. இங்கே வலைதான் அரிசி. உள்ளே ஈயம் வைத்துப் பின்னிய கயிறு கடையில் கிடைக்கிறது. சுட்ட களிமண்ணும் கல்லும் முன்பு இந்த வேலையைச் செய்தவைதான். கயிற்றுக்குக் காசு வேண்டும், களிமண்ணுக்கு இடம் அதிகம் வேண்டும்.

மீனவக் குப்பங்களில் அரசு கட்டிக்கொடுத்த வலைபின்னும் கூடங்களைப் பார்க்கலாம். குறிப்பேட்டுக்காரருக்குத் தோன்றுவது அதே மாதிரி ஊருக்கு ஒரு ஈயக் கொட்டகை. வீடுகளுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, காற்று ஊரைப் பார்த்து வீசாத பக்கமாக. சிமென்ட் தரை, மேலே கூரை, ஆணியில் இரண்டு மூன்று பொதுச் சட்டைகள், கசடு போட மூடியுள்ள ஒரு இரும்பு டிரம், வெளியே வரும் வழியில் குழாயும் சோப்பும். டிரம் நிறைந்தால் அதற்கு விலையும் உண்டு. அதை வாங்கி உருக்கத் தெரிந்த, வடிகட்டி உள்ள உலைகள் இதே மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கின்றன.