கேட்பதில் இழிவில்லை

1995 கோடையில் ஸ்காபரோவிலிருந்து யூனியன்விலில் ஒரு நிலக்கீழ் அறைக்குக் குடிபெயர்ந்தோம். ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் யோர்க் பிராந்தியம். சமூக நலக் கொடுப்பனவு வழங்கும் அலுவலகமும் வேறு. இதனை அறியாது பழைய அலுவலகத்துக்கே சென்று வெறுங்கையுடன் திரும்பினோம். அம்மாத வாடகையைக் கடன்பட்டே கட்டினோம்.

புதிதாக விண்ணப்பிக்க ஐயா இசையவில்லை. “தோட்டம் துரவோடு வாழ்ந்த நாங்கள் கையேந்துவதா?” என்றார். அரிசி தீர்ந்த நாளில் அம்மாவே பத்திரங்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஐயா பேசாது பின்னே நடந்தார்.

அவ்வாண்டு ஒக்ரோபரில் மாகாண அரசு அக்கொடுப்பனவை 21.6 வீதத்தால் குறைத்தது. தனியாள் ஒருவருக்கான உச்சத்தொகை 663 டொலரிலிருந்து 520 டொலராயிற்று. வாடகை குறையவில்லை, எமது சோற்றுப்பானையே சிறுத்தது. ஆயினும் அத்தொகை இல்லையேல் தங்கக் கூரையும் இருந்திராது.

1998 முதல் இவ்வுதவி ‘ஒன்ராறியோ வேர்க்ஸ்’ எனப்படுகிறது. யூனியன்வில் வாசிகளின் கோப்புகளைக் கவனிப்பது யோர்க் பிராந்தியமே. அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளோரும் விண்ணப்பிக்கலாம். புதிதாக வந்துள்ள உறவுகளே, வீடு மாறினால் முகவரியை உடனே அறிவியுங்கள். வெட்கத்தால் நாட்களைக் கடத்தாதீர்கள். பின்னாளில் வேலை கிடைத்து நாமும் வரி செலுத்தினோம். அன்று நாம் பெற்றது பிச்சையன்று.