குழாயைத் தேய்க்கப்போவது யார்?

வீடு கட்டுகிறவர்கள் குழாய்க்கு வந்து சேரும்போது கையில் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் பத்துப் பேரிடம் விசாரித்தவர்கள், குழாயைக் கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடுகிறார்கள். திருவனந்தபுரத்துக் கரமனையில் வீடு கட்டும் என் பேத்தியும் சாலைக் கம்போளத்துக் கடையில் நின்றுகொண்டே போனில் படம் அனுப்பினாள். சமையலறைக்கு மேட் கருப்பு, குளியலறைக்கு ரோஸ் கோல்டு. “எப்படி இருக்கு தாத்தா?”

நிறம் இருக்கட்டும், முதலில் கையில் எடுத்துக் கனத்தைப் பார் என்றேன். நல்ல குழாயின் உடம்பு பித்தளை. விலை மலிந்ததில் துத்தநாகக் கலவையோ பிளாஸ்டிக்கோ இருக்கும். மேலே மினுமினுப்பு மட்டும் அதேதான். குரோம் குழாய் என்கிறோமே, அதில் பித்தளைக்கு மேல் நிக்கல், அதற்கும் மேல்தான் குரோமியம். அந்தக் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அரிப்பைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதியும் அடியிலிருக்கும் நிக்கலுடையது.

இந்த ஊர் வீட்டு வாசலில் கால் கழுவ வைத்திருந்த கிண்டிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. மான்னாரில் வார்த்த வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளே அதே உலோகம்தான். புளி போட்டுத் துலக்கினால் மறுபடி பளபளக்கும். பூச்சு போட்ட குழாயிடம் புளியைக் கொண்டுபோனால் பூச்சுக்குத்தான் கேடு.

அடுத்தது தண்ணீர். கடைக்காரர் இதைக் கேட்பதே இல்லை. 1933 முதல் நகரத்துக்குக் குழாயில் வருவது கரமனை ஆற்றின் அருவிக்கரைத் தண்ணீர். உப்புப் படியாத மென்னீர். தமிழ்நாட்டில் போர் தண்ணீர் வரும் வீட்டில் கருப்புக் குழாய் வைத்தால் வெள்ளைப் படிவு திட்டுத் திட்டாய்த் தெரியும். இங்கே அந்தப் பயம் குறைவு. ஆனால் செம்மண், செம்புரைக்கல் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் சற்றே அமிலத் தன்மை உள்ளது. அது பித்தளையிலிருந்து செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வாஷ்பேசினில் சொட்டு விழும் இடத்தில் பச்சைக் கறை கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சங்குமுகம், வலியதுறைப் பக்கமோ கடற்காற்றே போதும். அங்கே எவர்சில்வர்கூடப் பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் சாதாரண 304-ஐவிட உப்பைத் தாங்கும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய குழாய், வீட்டுக்கு வீடு வேறு வேறு மாதிரி கிழடு தட்டும்.

நிறம் வேண்டுமென்றால் பி.வி.டி. பூச்சா என்று கேட்டு வாங்கலாம். வெற்றிடக் கலத்துக்குள் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். தங்க நிறத்துக்கு டைட்டானியம் நைட்ரைடு பூசுவதுண்டு. இரும்பைத் துளைக்கும் டிரில் பிட்டில் பூசுவதும் அதையேதான். அது லேசில் கீறாது. வெறும் பெயின்ட் கருப்பும் பி.வி.டி. கருப்பும் கடையில் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும், விலைச்சீட்டைப் பார்க்கிறவரை.

இவ்வளவும் அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நான் கேட்டது ஒன்றுதான்: “இதையெல்லாம் தேய்க்கப்போவது யாரும்மா?” பதில் இல்லை. நம் வீடுகளில் இது பழைய வழக்கம். பணம் கொடுப்பவர் தேர்ந்தெடுப்பார், கூட வந்த மச்சினர் யோசனை சொல்வார். தினமும் துடைப்பவள் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகுதான் அந்தப் பொருளையே பார்ப்பாள். டைல்ஸ் கறைக்காக வாங்கிய ஆசிட்டைக் குழாய் மேலும் ஊற்றி, கம்பி நாரால் தேய்ப்பாள். பூச்சு போய்விடும், பழி அவள் தலையில் விழும். இதற்கு மிருதுத் துணியும் சோப்புத் தண்ணீரும் போதும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

இன்னொன்று. குளியலறையில் குழாய் தனியாக இல்லை. ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் வால்வு, ஷவர், தரைச் சல்லடை எல்லாம் அதே நிறத்தில் வேண்டும். இவற்றில் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது ஹெல்த் ஃபாசெட். குரோம் என்றால் தெருமுனைக் கடையில் கிடைக்கும். அதே ரோஸ் கோல்டுக்கு எங்கே போவது? நிறுவனம் அந்த வரிசையையே நிறுத்தியிருக்கும்.

என் வயதுக்காரர்கள் சார்பில் ஒரு விண்ணப்பமும் வைத்தேன். கருங்கல் மேடையில் கருப்புக் குழாய் வைத்தால் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவனுக்குக் கைப்பிடி எங்கேயென்று தெரியாது.

கடைசியில் குளியலறைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சாதாரணக் குரோம், சமையலறைக்கு மெருகேற்றாத எவர்சில்வர், பின்கட்டில் பூச்சே இல்லாத பித்தளை என்று முடிவாயிற்று. கூடத்து வாஷ்பேசினுக்கு மட்டும் மேட் கருப்புதான் என்று நின்றுவிட்டாள். “அதை நானே துடைச்சுக்கறேன் தாத்தா” என்றாள். துடைக்கிறவள் கேட்கும்போது மறுப்பதற்கு நான் யார்? பி.வி.டி.யா என்று மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன்.