கோபுரம் விலகுகிற தூரம்

தருவைகுளம் கரையில் ஏலம் களைகட்டியிருந்த காலை. கடலுக்கு முதுகைக் காட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று கேமராவை நீட்டினேன். சூரியன் என் தோளுக்கு மேலாக வந்து திரையில் விழுந்தது. மீனும் இல்லை, ஆளும் இல்லை; திரையில் தெரிந்தது என் முகம் மட்டும். திரும்பும் வழியில் உப்பளத்தில் இன்னும் மோசம். மேலே வெயில், கீழே உப்பின் வெளுப்பு. குத்துமதிப்பாக எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வானம்.

தூத்துக்குடியில் பழைய ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் புலம்பினேன். பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துக் கிளறி, கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் குழலை எடுத்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி. அடியில் சின்னத் தகடு. அதைக் கேமரா உச்சியிலிருந்த தண்டவாளத்தில் செருகினார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. வயர் இல்லை, பேட்டரி இல்லை. கண்ணை வைத்தேன், தெரு பளிச்சென்று தெரிந்தது, அதன் மேல் வெள்ளைக் கோட்டில் ஒரு சட்டம்.

“இருபத்தெட்டு எம்எம் லென்ஸுக்கு உள்ளது. ஒங்க கேமராவுக்குச் சரியா வரும்” என்றார்.

என் வயதைவிட மூத்த குழல், நேற்று வந்த டிஜிட்டல் கேமராவில் எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

முதலில் வந்து நின்ற இடம் 2005. ரிகோ நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த ஜிஆர்1 ஃபிலிம் கேமராவில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உள்ளேயே இருந்தது. 2005-ல் அதன் வாரிசாக வந்த ஜிஆர் டிஜிட்டலில் பின்பக்கத்தைத் திரை எடுத்துக்கொண்டது. விரும்புகிறவர்கள் மேலே செருகிக்கொள்ள வியூஃபைண்டரைத் தனியாக விற்றார்கள். 2008-ல் வந்த சிக்மா டிபி1-க்கும் இதே ஏற்பாடு. வீட்டுக்குள் இடமில்லாமல் போன பெரியவருக்குத் திண்ணையை ஒதுக்கிக் கொடுத்த கதை.

அந்தத் திண்ணையைக் கட்டியது யார்? 1925-ல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா கேமராவில் அது இருக்கிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஊரில், லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பர்னாக் வடிவமைத்த கேமரா. அதில் வியூஃபைண்டர் உடம்போடு சேர்ந்தே இருந்தது. மேலே இருந்த செருகுமிடம், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் குழலுக்காக. 1930-ல் லென்ஸைக் கழற்றி மாட்டும் லைக்கா வந்தது. உள்ளே இருந்த வியூஃபைண்டரோ 50 எம்எம் லென்ஸுக்கு மட்டுமே சரி. மற்ற லென்ஸ்களுக்குத் தனித்தனிக் குழல் வேண்டியிருந்தது. 1932-ல் ரேஞ்ச்ஃபைண்டரும் கேமராவுக்குள் குடியேற, திண்ணை காலியானது. வியூஃபைண்டர்கள் வந்து உட்கார்ந்தன. பிற்பாடு ஃபிளாஷும் அதே இடத்துக்கு வந்தது. மின்தொடர்பு சேர்ந்ததும் ‘ஹாட் ஷூ’ என்று பெயர். ஆனால் தண்டவாளத்தின் அகலம் மாறவில்லை. பிஸ்கட் டின்னில் கிடந்த குழல் என் கேமராவில் ஏறியது அதனால்தான்.

இனிக் கண்ணாடி. குழலை விரலால் தடவிப் பார்த்தேன். முன்கண்ணாடி உள்ளே குழிந்திருக்கிறது. கண் வைக்கும் பக்கம் புடைத்திருக்கிறது. இது கலீலியோவின் தொலைநோக்கியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட அமைப்பு. 1609 ஆகஸ்டில் கலீலியோ வெனிஸ் நகரத்துப் பெரியவர்களைக் கோபுரத்தில் ஏற்றி, வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாத தூரத்தில் வரும் கப்பல்களைத் தன் குழலில் காட்டினார். அதில் புடைத்த கண்ணாடி முன்னே, குழிந்தது கண்ணருகே. திருப்பினால் தூரம் கிட்டே வராது. அகன்ற காட்சி சுருங்கிச் சின்னத் துளைக்குள் அடங்கும். கப்பல் வருவதைப் பார்க்கச் செய்த கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, படகிலிருந்து இறங்குகிறவர்களை நான் பார்க்கிறேன்.

அந்த வெள்ளைச் சட்டம் டச்சுக்காரரான வான் அல்படாவின் யோசனை. சட்டம் வரைந்திருப்பது கண்ணருகே. முன்கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் அது தூரத்தில், காட்சியின் மேலேயே மிதப்பது போலத் தெரிகிறது. முன்பக்கத்தை விரலால் மூடினால் தெருவோடு சேர்ந்து கோடும் அணைந்துவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு மறுபடி தருவைகுளம் போனேன். ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்தி, லென்ஸின் துளையை எஃப்8-ல் வைத்துவிட்டால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவாக விழும். திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. தள்ளி நின்று எடுத்தவை நன்றாக வந்தன. கிட்டத்தில் எடுத்தவற்றில் மட்டும் எல்லார் தலையும் வெட்டு.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டார். குழல் லென்ஸுக்கு மேலே இருப்பதைக் காட்டினேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“ஜிபிஎஸ் வராத காலத்துல கடல்ல எடம் எப்படிக் கண்டுபுடிச்சோம்? அந்தா கோயில் கோபுரம் தெரியுதுல்லா, அதுக்குப் பொறத்தால டவரு. ரெண்டும் ஒண்ணா நின்னா நீ ஒரு கோட்டுல நிக்க. இன்னொரு பக்கம் இதே மாதிரி ரெண்டு அடையாளம் பாத்துக்கிட்டா எடம் முடிஞ்சுது. படகு வெலகுனா கோபுரம் ஓடும், டவரு நிக்கும். கிட்ட உள்ளதுதான் தம்பி ஓடும்.”

புத்தகங்கள் ‘பாராலக்ஸ்’ என்று படம் போட்டு விளக்குவது இதைத்தான். என் குழல் லென்ஸுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்கும்போது, அந்த ஐந்து சென்டிமீட்டர் படத்தின் உயரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அரை மீட்டரில் பன்னிரண்டு பங்கு. ஒரு நெற்றி போகப் போதும். இப்போது கிட்டத்தில் எடுக்கும்போது சட்டம் பார்த்த பிறகு கேமராவை மூன்று விரல் உயர்த்திக்கொள்கிறேன்.

அன்று தண்ணீருக்குள் இறங்கி நின்று பெரியவரை ஒரு படம் எடுத்தேன். உள்ளங்கையால் நிழல் கட்டித் திரையைப் பார்த்தார். தன் முகத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் கோபுரத்துக்கும் டவருக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. தலையை நிமிர்த்தினார்.

“அந்தக் கயிறு கட்டுன வள்ளத்துக்குத் தெக்க, ரெண்டு எட்டு தள்ளி நின்னு எடுத்திருக்க” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நான் நின்றது அங்கேதான்.