ஆறு பட்டைகள்

ஜனவரி 10, சனி

காரின் டிக்கிக் கதவில் மாட்டும் சைக்கிள் ரேக் வந்துவிட்டது. குடியரசு தின விடுமுறைக்கு ஏலகிரி போவதாகத் திட்டம். மலை மேல் நானும் மகளும் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆறு மாத ஆசை.

ஓர் இரும்புச் சட்டம், அதிலிருந்து நீளும் இரண்டு கைகள், காரோடு இறுக்கிப் பிடிக்க ஆறு நைலான் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ரப்பர் பூசிய கொக்கி. அரை மணி நேரத்தில் மாட்டி, இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது மனசு நிறைந்தது. நாளை காலை ஈ.சி.ஆரில் வெள்ளோட்டம்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

காலையில் திருவான்மியூரிலிருந்து கிளம்பினோம். ஈஞ்சம்பாக்கம் தாண்டிப் பனையூரை நெருங்கும்போது பின்னால் ஒரு மொபட் விடாமல் ஹார்ன் அடித்தது. வழி கேட்கிறார் என்று ஒதுங்கினேன். அவர் முந்திப் போகவில்லை. பக்கத்தில் வந்து, "சார், சைக்கிள் கழண்டு தொங்குது, ஓரங்கட்டுங்க!" என்று கத்தினார்.

இறங்கிப் பார்த்தேன். கீழ்ப் பட்டைகளில் ஒன்றின் கொக்கி கழன்றிருந்தது. ரேக் ஒரு பக்கம் சாய்ந்து, மகளுடைய சைக்கிளின் முன்சக்கரம் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மொபட்டில் அவருக்கு முன்னால், ஹேண்டிலைப் பிடித்தபடி நான்கு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை நின்றிருந்தாள். "நல்லா இறுக்கிக் கட்டுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். விழுந்தது என்ன என்று பின்னால் வருபவருக்குப் புரிந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி தீர்ந்துவிடும். நேற்று நான் கவலைப்பட்டதெல்லாம் சைக்கிளில் கீறல் விழக் கூடாது, காரின் பெயிண்ட் போகக் கூடாது என்பதற்குத்தான். அந்தக் குழந்தை என் நினைப்பிலேயே இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வாரம் முழுக்க ரேக்கின் கையேட்டையும் காரின் கையேட்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இன்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து மாட்டினேன்.

தப்பு எங்கே என்று தெரிந்தது. கீழ்க் கொக்கியைப் பிளாஸ்டிக் பம்பரின் விளிம்பில் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பட்டை ஒரு கணம் தொய்ந்தாலும் கொக்கி நழுவிவிடும். கொக்கி பிடிக்க வேண்டியது டிக்கிக் கதவின் தகட்டு விளிம்பை. மேல் கொக்கிக்கும் அதே கதைதான். கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்பாய்லரை நம்பக் கூடாது.

ஆறு பட்டைக்கும் வேலை தனித்தனி. மேலே இரண்டும் பாரத்தைத் தாங்குகின்றன. கீழே இரண்டும் ரேக் துள்ளாமல் இழுத்து வைக்கின்றன. பக்கவாட்டில் இரண்டும் வளைவுகளில் அது இடவலமாக நகராமல் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று தளர்ந்தால் அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் விழும்.

கனமான சைக்கிள் காரை ஒட்டி முதலில் ஏற வேண்டும். பாரம் காரை விட்டு விலக விலக, அதே எடை பட்டைகளை இன்னும் பலமாக இழுக்கும். அதனால் 15 கிலோ எடையுள்ள என்னுடையது உள்ளே, மகளுடையது வெளியே. ஒன்றின் ஹேண்டில்பார் இடப்பக்கம் என்றால் அடுத்ததற்கு வலப்பக்கம். இல்லாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அவளுடையது பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள். அதை அப்படியே மாட்டியதால்தான் அன்று சக்கரம் அவ்வளவு கீழே தொங்கியிருக்கிறது. சீட்டுக்குக் கீழிருந்து ஹேண்டில்பார் வரை மாட்டிக்கொள்ளும் தனிப் பார் ஒன்று சைக்கிள் கடையில் கிடைத்தது. அதை மாட்டியதும் சைக்கிள் மட்டமாக நின்றது.

முன்சக்கரம் திரும்பாதபடி அதைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். சைக்கிளும் சைக்கிளும் உரசும் இடங்களில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினேன். சைலன்சர் வாய்க்கு நேரே டயர் வராமல் தள்ளி வைத்தேன். அந்தச் சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். பம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் காருக்குள் போயின. பட்டைகளின் மிச்ச நுனிகளைச் சுருட்டி முடிந்தேன். கடைசியாக, ரேக்கை மட்டும் நம்பாமல், இரண்டு சைக்கிள்களின் சட்டத்தையும் கோத்துத் தனியாக ஒரு பட்டை போட்டேன்.

மகள் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தாள். நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "தெரியுதுப்பா" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பிறகு சைக்கிளைப் பிடித்து உலுக்கினேன். சைக்கிள் தனியாக ஆடவில்லை. கார் முழுவதும் சேர்ந்து ஆடியது. அதுதான் சரியான கட்டு.

ஜனவரி 24, சனி

ஏலகிரியில் எழுதுகிறேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். வண்டியை 80-க்கு மேல் விடவில்லை.

பள்ளிகொண்டா தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு நாமக்கல் லாரி. அதன் டிரைவர் டீ சொல்வதற்கு முன்பே வண்டியை ஒரு சுற்று வந்தார். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்டார். தார்ப்பாய்க் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அப்புறம் எங்கள் காருக்கு வந்து பட்டைகளை விரலால் அழுத்தினார்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க தம்பி. நடுவுல எறங்கிப் பாத்தீங்களா?"

"கிளம்பிப் பத்து கிலோமீட்டர்ல ஒரு தடவை பார்த்தேண்ணே."

"அது பத்தாதுங்க. நின்ன வண்டியில கட்டுன கட்டு, ஓடுற வண்டியில அப்படியே இருக்காது. எப்பெப்ப எறங்குறீங்களோ அப்பெல்லாம் ஒரு சுத்து வந்துருங்க."

சொன்ன கையோடு சோதித்தேன். இடது பக்கப் பட்டை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கிளம்பும்போது அதில் விரல் நகம்கூட நுழையவில்லை. இறுக்கினேன்.

மலையடிவாரத்தில் மறுபடியும் ஒரு சுற்று. கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பின்பாரம் வெளிப்பக்கம் தள்ளப் பார்ப்பது ஸ்டியரிங்கில் தெரிந்தது. பக்கப் பட்டைகள் இரண்டும் எதற்காக இருக்கின்றன என்பதை அங்கேதான் உடம்பால் உணர்ந்தேன்.

ஜனவரி 26, திங்கள்

இரவு வீடு திரும்பினோம். நேற்று முழுவதும் ஏரிக்கரையைச் சுற்றி ஓட்டினோம். மகள் களைத்துக் கிடந்தாள். ஆனாலும் திரும்பும் வழியில் வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் சொல்லாமலே இறங்கிப் பின்னால் போனாள். ஆறு பட்டையையும் தொட்டு எண்ணிவிட்டுத்தான் ஏறினாள்.

ரேக்கைக் கழற்றும்போது கீழ்ப் பட்டை ஒன்றின் ஓரம் பிசிறியிருந்தது. கதவு விளிம்பில் உரசி உரசி நூல் விட்டிருக்கிறது. இன்னும் பத்துப் பயணம் தாங்கும் போலத்தான் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்து அதை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

"குப்பையில போடுறதுக்கு எதுக்குப்பா வெட்டுறீங்க?" என்றாள் மகள்.

"முழுசாக் கெடந்தா, நல்லா இருக்கேன்னு யாராவது எடுத்து எதையாவது கட்டிருவாங்கம்மா. அவங்க பின்னாலயும் யாராவது வருவாங்க இல்ல?"