அப்பாவின் தாடை

முகத்தை மாற்றிக்கொள்வதா, பற்களைக் காப்பாற்றிக்கொள்வதா, குழலை இழக்காமல் இருப்பதா? மும்பைப் பெண் ஒருவரின் ஓராண்டுக் குழப்பம்.

அந்தப் பெண்ணுக்கு வயது 24. மும்பை செம்பூரில் பெற்றோருடன் வசிக்கிறார். பகலில் ஒரு கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. மாலையில் 11 பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கிறார். ஊரே வடா பாவைக் கடித்துச் சாப்பிடும்போது அவர் மட்டும் கையால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். வாயை மூடினால் அவருடைய கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும். முன்பற்களால் எதையும் துண்டிக்க முடியாது. முறுக்கு, வெள்ளரிக்காய், கொய்யா எல்லாம் நேரே கடைவாய்க்குத்தான் போக வேண்டும்.

பள்ளியில் 'வாளி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது பழகிவிட்டது. பழகாதது வலி. இரண்டு ஆண்டுகளாகக் காதுக்கு முன்னால், தாடை மூட்டில், காலையில் எழுந்ததும் ஒரு பிடிப்பு. பற்சிதைவு ஒன்றுக்காகப் போன இடத்தில் பல் மருத்துவர் கண்ணாடியைக் காட்டினார். முன்பற்களின் விளிம்பு தேய்ந்து கண்ணாடிபோல் மெலிந்திருந்தது. "இப்படியே போனால் 40 வயதில் இந்தப் பற்களைப் பற்றி வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும்" என்றார் அவர்.

தாடை அறுவை சிகிச்சை என்ற சொல் அப்படித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த அன்றே வீடு இரண்டாகப் பிரிந்தது.

அம்மா உடனே சரி என்றார். காரணம், பற்கள் அல்ல. முந்தைய மாதம் ஜாதகம் பொருந்திய ஒரு குடும்பம், "பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தது. அதன் பிறகு அங்கிருந்து தொலைபேசி வரவில்லை. துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அப்பாவோ செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அதில் சரிசெய்ய என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே தாடைதான் அவருக்கும். அவருடைய அம்மாவுக்கும். மகள் தன் முகத்தைக் குறை என்று சொன்னால் அது மூன்று பேரின் முகத்தையும் சொல்வதாகாதா?

குடும்பத் தாடை என்பது சாதாரண விஷயம் அல்ல. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்துக்கு அதுதான் அடையாளம். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் (1500-1558) ஓவியங்களில் முகவாய் முன்னால் நீண்டு நிற்பதைக் காணலாம். அந்த வம்சத்தில் ஸ்பெயினை ஆண்ட கடைசி அரசர் இரண்டாம் சார்லஸ் (1661-1700) உணவை மென்று தின்னவே சிரமப்பட்டார். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், முக அறுவை நிபுணர்கள் 66 ஓவியங்களை வைத்துக்கொண்டு அந்த முகங்களை அளவிட்டார்கள். நெருங்கிய உறவில் திருமணம் செய்துகொண்டதற்கும் தாடை நீட்சிக்கும் தொடர்பு இருப்பதாக அந்த ஆய்வு கூறியது. இதைப் படித்ததும் அந்தப் பெண்ணுக்குத் தாத்தா பாட்டி நினைவு வந்தது. பாட்டி மணந்தது சொந்தத் தாய்மாமனை. மருத்துவரிடம் கேட்டார். "ஒரு குடும்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது" என்று பதில் வந்தது.

முதல் அறுவை நிபுணர் தெளிவாகப் பேசினார். ஒன்றரை ஆண்டு பற்களுக்குக் கம்பி. பிறகு வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடை எலும்பை இருபுறமும் நீளவாக்கில் பிளந்து, பின்னுக்குத் தள்ளி, டைட்டானியம் தகடுகளால் பொருத்துவது. 1950களில் ஹ்யூகோ ஓப்வேகஸர் என்ற நிபுணர் உருவாக்கிய முறை இது. வெளியே தழும்பு தெரியாது. சில வாரங்கள் திரவ உணவு.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் அந்தப் பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்தது. பிளக்கப்படும் எலும்புக்குள்ளேயே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் தொடுவுணர்ச்சி தருவது அதுதான். அறுவைக்குப் பின் அந்த இடம் மரத்துப்போவது வழக்கம். பெரும்பாலோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். "உதடு அசையும். கவலை வேண்டாம். தொட்டால் தெரியாது, அவ்வளவுதான்" என்றார் நிபுணர்.

குழல் வாசிப்பவருக்கு 'அவ்வளவுதான்' என்பது சின்ன விஷயமா? ஊதுதுளையின் விளிம்பு அழுந்தி நிற்பது கீழுதட்டின் அடியில். அது எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்ப்பதில்லை, உதடு உணர்கிறது. ஒரு நூல் அளவு உருட்டினால் சுருதி விலகும். வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவந்த 'மாலி' டி.ஆர். மகாலிங்கத்தின் (1926-1986) காலத்துக்குப் பிறகு, விரலுக்கு இணையாக உதட்டுக்கும் வேலை உண்டு. போதாததற்கு, தன் தாடைக்கு ஏற்றபடி குழலைச் சற்றே வெளிப்புறம் சாய்த்துப் பிடிக்க அந்தப் பெண் 15 ஆண்டுகளாகப் பழகியிருக்கிறார். தாடை நகர்ந்தால் அந்தப் பழக்கமும் போயிற்று. அவருடைய குரு அதிகம் பேசுகிறவர் அல்ல. "வலி இருக்கிறது, வாசிப்பும் இருக்கிறது. எது இல்லாமல் இருக்க முடியும் என்று பார்த்துக்கொள்" என்றார்.

தள்ளிப்போடலாமே என்று தோழிகள் சொன்னார்கள். எட்டு வயதிலேயே ஒரு தள்ளிப்போடல் நடந்திருக்கிறது. பள்ளிக்கு வந்த பல் மருத்துவர் அப்போது, முகத்தில் மாட்டும் ஒரு சட்டத்தால் மேல்தாடையை முன்னால் இழுத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். "வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். வளர்ந்தபோது அதிகமாகத்தான் ஆயிற்று. எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்ட பிறகு அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை.

கம்பி மட்டும் கட்டிச் சமாளிக்கலாமா? அதிலும் ஒரு சிக்கல். அறுவை வேண்டாம் என்றால் கீழ்ப்பற்களை உள்ளே சாய்த்து, மேல்பற்களை வெளியே சாய்த்துக் குறையை மறைப்பார்கள். அறுவை உண்டு என்றால் நேர் எதிர்த் திசையில் பற்களை நிமிர்த்த வேண்டும். அதனால் அறுவைக்கு முந்தைய மாதங்களில் குறை இன்னும் அதிகமாகத் தெரியும். ஆக, கம்பி கட்டும் முதல் நாளே எந்தப் பாதை என்று முடிவு செய்தாக வேண்டும். பாதி வழியில் மனம் மாறினால் நகர்த்திய பற்களைத் திரும்ப நகர்த்த வேண்டும்.

இன்னொரு கருத்து கேட்கலாம் என்று சொன்னவர், ஆச்சரியமாக, அப்பாதான். நகரின் மறுகோடியில் இருந்த அந்த இரண்டாவது மருத்துவர், எக்ஸ்ரேயில் கோடுகள் போட்டு நெடுநேரம் அளந்தார். பிறகு, "இவர் கீழ்த்தாடையின் நீளத்தில் பெரிய தவறில்லை. மேல்தாடைதான் பின்தங்கியிருக்கிறது" என்றார். மேல்தாடையை மட்டும் வெட்டி ஐந்து மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால் போதும். அந்த வெட்டுக்கு லெ ஃபோர் என்று பெயர். ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர், சடலங்களில் முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று ஆராய்ந்து 1901-ல் எழுதியதிலிருந்து வந்த பெயர். இந்த வழியில் கீழ்த்தாடை நரம்பின் அருகே கத்தி போகாது. மேலுதடும் கன்னமும் கொஞ்ச காலம் மரத்திருக்கலாம். மூக்கு சற்று அகலமாகலாம். ரத்தக்கசிவு, தொற்று, எலும்பு மெல்லப் பழைய இடத்துக்கு நழுவுவது ஆகிய ஆபத்துகள் இதிலும் உண்டு. எதையும் அவர் மறைக்கவில்லை.

திரும்பும் வழியில், மின்ரயிலில், அப்பா ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூன்று தலைமுறையாகக் கீழ்த்தாடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்" என்றார். மகள் சிரித்தார்.

முடிவு அன்றே எடுக்கப்பட்டுவிடவில்லை. காப்பீட்டு நிறுவனம் இது அழகுக்கான சிகிச்சையா, உடல்நலத்துக்கானதா என்று விளக்கம் கேட்டது. தேய்ந்த பற்களின் படங்களும் மூட்டு வலிக்கான மருத்துவக் குறிப்புகளும் அனுப்பப்பட்டன. இன்னும் பதில் இல்லை. பதில் எப்படி வந்தாலும் சேமிப்பிலிருந்து செய்துகொள்வது என்று இப்போது முடிவாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இதைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்றார் அம்மா. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் மகள். அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அடுத்த மாதம் கம்பி கட்டுகிறார்கள். கம்பியோடு ஊதுவதே சிரமம் என்பதால், மூத்த மாணவி ஒருத்தி வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். முன்போல வாசிக்க முடியுமா என்று கேட்டால், "தெரியாது. ஆனால் உதட்டுக்கு உணர்ச்சி இருந்தால் மறுபடியும் கற்றுக்கொள்வேன்" என்கிறார் அந்தப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் தனக்குத் தெரிந்த வர்ணங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்கிறார். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. செல்பேசியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் அப்பா. இதுவரை ஒன்பது வர்ணங்கள் முடிந்திருக்கின்றன.