ஊருக்கு வெளியே ஒரு மேடு

டப்ளின் நகரின் நடுவிலிருந்து லிஃபி ஆற்றை ஒட்டி மேற்கே மூன்று கிலோமீட்டர் போனால் தரை மெல்ல உயரத் தொடங்கும். வடக்கே லிஃபி, தெற்கே அதன் சிற்றாறான காமக், இரண்டுக்கும் நடுவே சரளைக்கல் மேடு. அந்த மேடும் அதைச் சுற்றிய தெருக்களும்தான் கில்மேனம். இன்று அது டப்ளினின் உட்புறநகர். பேருந்து நிற்கிறது, டிராம் ஓடுகிறது, வீட்டு வாடகை எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் பல நூற்றாண்டுகளாக அது ஊருக்கு வெளியே இருந்த இடம். ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாததை எல்லாம் டப்ளின் இங்கே கொண்டுவந்து இறக்கியது: பிணங்கள், தூக்குமரம், வயதான சிப்பாய்கள், கைதிகள்.

முதலில் வந்தவர் மைனன் என்ற துறவி. அவர் பெயரில் அமைந்த மடம்தான் ஊருக்குப் பெயர் தந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கடல்வழி வந்த வைக்கிங்குகள் இந்த மேட்டில் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1840களில் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோது வாள்கள் கிடைத்தன. பிறகு சரளை தோண்டியவர்களுக்கும் கிடைத்தன. 1930களில் பக்கத்து ஐலண்ட்பிரிட்ஜில் முதல் உலகப் போரில் இறந்த ஐரிஷ் வீரர்களுக்கு நினைவுத் தோட்டம் அமைத்தபோது மறுபடியும் கல்லறைகள் வெளிப்பட்டன. (அந்தத் தோட்டத்தை வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ், புது தில்லியை வரைந்த அதே கட்டடக் கலைஞர்.) ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே கண்டெடுக்கப்பட்ட பெரிய வைக்கிங் இடுகாடுகளில் ஒன்று இது. வாள்களோடு சிறு தராசுகளும் கிடைத்தன. வந்தவர்கள் வெட்டவும் தெரிந்தவர்கள், வியாபாரம் செய்யவும் தெரிந்தவர்கள்.

நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ 1174ஆம் ஆண்டு வாக்கில் இந்த நிலத்தை ஹாஸ்பிட்டலர் என்னும் படைத்துறவியருக்குக் கொடுத்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவர்களுடைய மடமும் போயிற்று. நிலம் அரசின் கைக்கு வந்து, ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்த மான் பூங்காவோடு சேர்ந்தது. அதுதான் இன்றைய ஃபீனிக்ஸ் பூங்காவின் தொடக்கம்.

1680இல் அந்த மேட்டின் உச்சியில் ராயல் ஹாஸ்பிட்டலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். அது ஓய்வுபெற்ற, ஊனமுற்ற சிப்பாய்களுக்கான இல்லம். அரசப் பிரதிநிதியாக இருந்த ஆர்மண்ட் கோமகன் பாரிஸின் இன்வலிட்ஸ் மாளிகையை மனத்தில் வைத்து அதைக் கட்டுவித்தார். வரைபடம் வில்லியம் ராபின்சனுடையது. நடுவில் பெரிய முற்றம், நான்கு பக்கமும் வளைவுத் தாழ்வாரங்கள். லண்டனின் புகழ்பெற்ற செல்சி இல்லம் இதற்குப் பின்னால் வந்ததுதான். தேவாலயத்தின் கூரையில் பூவும் பழமும் காய்கறியுமாகத் தொங்கும் சுதை வேலையை இன்றும் அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் அது சுதையே அல்ல. பழைய சுதை கனம் தாங்காமல் உதிரத் தொடங்கியதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சு அசலாகக் காகிதக்கூழில் செய்து பொருத்திவிட்டார்கள்.

அயர்லாந்தில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி குடியிருந்ததும் இந்த இல்லத்தில்தான். 1895 முதல் 1899 வரை அந்தப் பதவியில் இருந்தவர் ராபர்ட்ஸ் பிரபு. அதற்கு முன் மதராஸ் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர். 1880இல் காபூலிலிருந்து காந்தஹாருக்கு அவர் படை நடத்திச் சென்றபோது ஏறிப்போன அரபிக் குதிரை வானோலெல். விக்டோரியா மகாராணி அந்தக் குதிரைக்குப் போர்ப் பதக்கங்கள் வழங்கினார். 1899இல் அது இறந்தபோது இல்லத்துத் தோட்டத்தில் புதைத்துப் பெயர் பொறித்த கல்லும் நட்டார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

மனிதர்களுக்கு அவ்வளவு கவனிப்பு இல்லை. இல்லத்துக்கு மேற்கே, மதிலை ஒட்டி இருப்பது புல்லீஸ் ஏக்கர், டப்ளினின் பழைய இடுகாடுகளில் ஒன்று. காசு கேட்காத இடம் என்பதால் ஏழைகள் காலங்காலமாக இங்கேதான் வந்தார்கள். மருத்துவப் பள்ளிகளுக்குப் பிணம் விற்கும் திருடர்களும் வந்தார்கள். 1820இல் குத்துச்சண்டை வீரர் டான் டோனலி இறந்தபோது ஊரே திரண்டு வந்து இங்கே அடக்கம் செய்தது. சில நாட்களிலேயே உடலைக் காணோம். கூட்டம் கொதித்தெழ, உடல் திரும்பி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. பதப்படுத்தப்பட்ட அந்தக் கை ஊர் ஊராகக் காட்சிப் பொருளாகச் சுற்றி, கடைசியில் கில்டேர் மாவட்டத்தில் ஒரு மதுக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் பல ஆண்டுகள் இருந்தது. 1832இல் காலரா வந்தது. ஆயிரக்கணக்கான உடல்கள் இங்கே குவிந்தன. அத்தோடு இடுகாட்டை மூடினார்கள்.

சிறை வந்தது இதற்கெல்லாம் நடுவே, 1796இல். இடம் தேடி அலையவில்லை. தூக்குமர மேடு என்று பெயர் பெற்றிருந்த இடத்திலேயே கட்டிவிட்டார்கள். அது டப்ளின் நகரச் சிறை அல்ல, டப்ளின் மாவட்டச் சிறை. வாசல் நிலைக்கு மேலே ஐந்து பாம்புகள் சங்கிலியில் கட்டுண்டு நெளியும் சிற்பம். பழைய நிலவறைச் சிறையைவிட இது மேலானது என்பது அன்றைய சீர்திருத்தக்காரர்களின் நம்பிக்கை. ஆனால் சுண்ணாம்புக்கல் சுவர் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது, தொடக்கத்தில் சன்னல்களுக்குக் கண்ணாடியும் இல்லை. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1847இல் வந்ததும், கொட்டடிகள் நிரம்பி வழிந்தன. வெளியே பட்டினி, உள்ளே கொஞ்சமாவது சோறு. பெண்களும் குழந்தைகளும் நடைபாதையில் வைக்கோலில் படுத்தார்கள்.

1860களில் கிழக்குப் பகுதியை இடித்துக் கட்டினார்கள். திரைப்படங்களில் பலரும் பார்த்திருப்பது இந்தப் பகுதியைத்தான். குதிரைலாட வடிவில் மூன்று அடுக்கு, 96 கொட்டடிகள், மேலே பெரிய கண்ணாடிக் கூரை. நடுவே நிற்கும் ஒரு காவலர் எல்லாக் கதவுகளையும் பார்க்கலாம். வானத்து ஒளி பட்டால் கைதி திருந்துவான் என்பது விக்டோரியா காலத்துக் கணக்கு. அழகான கட்டடம்தான். சிறை அழகாக இருப்பதுதான் சங்கடம்.

ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் தலைவர் பார்னெல் 1881 அக்டோபரில் இங்கே அடைக்கப்பட்டார். 1882 மே 2ஆம் தேதி பிரதமர் கிளாட்ஸ்டனோடு ஏற்பட்ட உடன்பாட்டில் வெளியே வந்தார். நான்கே நாளில், ஆற்றுக்கு அக்கரையில் ஃபீனிக்ஸ் பூங்காவில், அரசின் தலைமைச் செயலரும் அவருடைய துணைச் செயலரும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். அதற்காக மறு ஆண்டு ஐந்து பேர் இந்தச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் கிளர்ச்சிக்குப் பிறகு நடந்தவற்றையும் நிலப்படத்தில் விரல் வைத்தே சொல்லிவிடலாம். பக்கத்து இஞ்சிகோரில் ரிச்மண்ட் பாசறை. அங்கே ராணுவ விசாரணை. மேட்டின் மேல் சிறை; அங்கே மே 3 முதல் 12 வரை, கல் உடைக்கும் முற்றத்தில் 14 பேரைச் சுட்டார்கள். லிஃபிக்கு அக்கரையில் ஆர்பர் ஹில். அங்கே சவப்பெட்டி இல்லாமல் சுண்ணாம்புக் குழியில் புதைத்தார்கள். தளபதியின் குதிரைக்குக் கிடைத்த கல் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஜோசப் பிளங்கெட் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைத் தேவாலயத்தில் கிரேஸ் கிஃபர்டை மணந்தார். ஜேம்ஸ் கானலிக்குக் கணுக்காலில் குண்டுக்காயம், நிற்க முடியாது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். கிளர்ச்சியைப் பெரிதாக மதிக்காத டப்ளின்வாசிகளின் மனம் மாறியது அந்தப் பத்து நாட்களில்தான்.

இந்தக் கதை எல்லா வழிகாட்டி நூலிலும் உண்டு. நெடுங்காலம் யாரும் வாய் திறக்காத கதை ஒன்றும் உண்டு. 1922இல், பிரிட்டனோடு செய்த விடுதலை ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் உள்நாட்டுப் போரில் மோதினார்கள். அந்த நவம்பர் 17ஆம் தேதி நான்கு இளைஞர்கள் இதே சிறையில் சுடப்பட்டார்கள். இந்த முறை சுட்டது ஐரிஷ் இடைக்கால அரசு. ஒப்பந்தத்தை மறுத்த கிரேஸ் கிஃபர்டும் 1923இல் இங்கே கைதியாக இருந்தார். கொட்டடிச் சுவரில் அவர் தீட்டிய மாதாவும் குழந்தையும் மங்கிப்போக, பிற்காலத்தில் வேறொரு கை அதன் மேல் வண்ணம் பூசியது.

1924இல் சிறை மூடப்பட்டது. கூரை விழுந்தது, முற்றங்களில் மரம் முளைத்தது. புதிய அரசுக்கு அதை இடிக்கவும் மனமில்லை, காக்கவும் மனமில்லை. 1960இல் தொண்டர்கள் சிலர், ஆண்டுக்கு ஒரு பென்னி என்ற பெயரளவு வாடகைக்குக் கட்டடத்தை எடுத்து, மாலையிலும் வார இறுதியிலும் தங்கள் கையாலேயே சீர்செய்யத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்ற இரு தரப்பு ஆட்களும் அவர்களில் இருந்தார்கள். ஒன்றாக வேலை நடக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது: 1921க்குப் பிந்தையதைப் பேசுவதில்லை. கல்லும் மரமும் தூக்கிய அந்த மனிதர்கள் வேறு வழியில் கட்டடத்தைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. 1966 ஈஸ்டரில் அதைத் திறந்துவைத்தவர் குடியரசுத் தலைவர் டி வலேரா. 1924இல் அங்கிருந்து விடுதலையான கடைசிக் கைதி என்று சொல்லப்படுபவரும் அவரே. 1986இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

இன்று சிறையைப் பார்க்க வருவோர் நுழைவது பக்கத்தில் உள்ள 1820ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டடம் வழியாக. அங்கே தீர்ப்பு, அடுத்த வாசலில் தண்டனை என்று இருந்த இடம். சிறையைப் பார்த்த கையோடு பெரும்பாலோர் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அது நஷ்டம். சாலையைக் கடந்தால் கோட்டைபோல் நிற்கும் ரிச்மண்ட் வாயில், அதற்குள் நிழற்சாலை, அதன் முடிவில் ராயல் ஹாஸ்பிட்டல். 1991 முதல் அது ஐரிஷ் நவீனக் கலை அருங்காட்சியகம்.

அந்த வாயில் இந்த ஊர்க்காரன் அல்ல. கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் ஜான்ஸ்டன் அதைக் கட்டியது நகருக்குள், லிஃபிக் கரையில். ரயில் நிலையம் வந்து வண்டி நெரிசல் பெருகியதும், 1840களின் பிற்பாதியில் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டப்ளினுக்குள் இடமில்லாமல் போனவற்றின் வரிசையில் அதுவும் சேர்ந்தது. கழற்றும்போது ஒரு குட்டு உடைந்தது. வளைவுக்கு மேலிருந்த மரச் சின்னப் பலகைக்குப் பின்னால் ஜான்ஸ்டன் தன் சொந்தக் குடும்பச் சின்னத்தைச் செதுக்கி வைத்திருந்தார். தான் போன பிறகு மரம் உளுத்து விழும், தன் சின்னம் ஊருக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. மரம் உளுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது ராயல் ஹாஸ்பிட்டலின் சின்னம்.