சிறுவாச்சூர்: மூணு ரோடு, ஒரே கிரௌன்!

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்களே... பக்கத்து பெஞ்ச் ஐ.டி. மக்களே, நீங்களும்தான்! செமஸ்டர் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு ப்ளான் போடுறதுக்கு முன்னாடி, ஒரு திங்கட்கிழமை சிறுவாச்சூருக்கு ஒரு விசிட் அடிங்க. ஏன் திங்கட்கிழமை? அங்கே இருக்கிற மதுரகாளியம்மன் கோயில், விசேஷ நாட்களைத் தவிர்த்தால் வாரத்தில் திங்கள், வெள்ளி ரெண்டு நாள்தான் திறந்திருக்கும். மத்த நாள்ல போனா பூட்டின கதவைக் கும்பிட்டுட்டு வர வேண்டியதுதான்!

வழி ரொம்ப ஈஸி. திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். பெரம்பலூரிலிருந்து வந்தால் தெற்கே 8 கிலோமீட்டர்தான். பழைய ஆட்களுக்கு இது என்.எச்.45. இப்போதைய நம்பர் 38.

மதுரையிலிருந்து வந்த காளி, இந்த ஊர் செல்லியம்மனை ஆட்டிப்படைத்த மந்திரவாதியை ஒழித்துக் கட்டினாள். செல்லியம்மன் ஊரை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள் என்பது ஊர்க்கதை. கோயிலிலேயே உரலில் மாவு இடித்து மாவிளக்கு போடுவது இங்கே விசேஷம். உலக்கைச் சத்தத்தைக் கேட்டுட்டு, சாமி கும்பிட்டுட்டு வாங்க. நம்ம கிளாஸ் வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில்தான்!

எலுமிச்சம்பழத்துக்கு மேலே என்ன இருக்கு?

இன்னோவா, ஸ்கார்ப்பியோ, பொலேரோ, வேன் என்று எத்தனை ஊர் வண்டிகள்! பூஜை போட வந்த வண்டி என்றால் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பின்பக்கம் 'டி-4டி', 'சி.ஆர்.டி.இ.' என்று பந்தாவாக எழுத்துகள். எல்லாமே டர்போ டீசல் என்பதற்கான விசிட்டிங் கார்டுதான் அது. ஆனால் அந்த டர்போவின் இழுவை ரோட்டுக்கு எப்படி வந்து சேரும் என்பதை முடிவு பண்ணுகிற ரெண்டு பார்ட்டிகளை யாரும் கண்டுக்கிறதே இல்லை. ஒண்ணு, பின்பக்க ஆக்ஸிலுக்குள் இருக்கிற கிரௌன்-பினியன். இன்னொண்ணு, எலுமிச்சம்பழத்தை நசுக்கப் போகிற டயர்.

கொஞ்சம் குனிந்து பாருங்க. பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஒரு இரும்புப் பானை தெரியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதற்குள் போய் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும். பினியன், கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். பினியனுக்கு 10 பல், கிரௌனுக்கு 41 பல் என்றால் விகிதம் 4.1. அதாவது ஷாஃப்ட் 4.1 தடவை சுற்றினால் டயர் ஒரு தடவை சுற்றும். 'ரவுண்டா 40 பல் வெச்சா என்ன?' என்று கேட்பீங்க. வெச்சா, அதே பல் அதே பல்லோடு திரும்பத் திரும்ப மோதி ஒரே இடத்தில் தேயும். 41 என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திக்கும். தேய்மானம் சமமாகும். எப்பூடி?

விகிதம் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றணும். விகிதம் குறைந்தால் இன்ஜின் ரிலாக்ஸாக ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். 3.7 இருக்கிற இடத்தில் 4.1 போட்டால் சக்கரத்துக்கு வருகிற இழுவை சுமார் 11 சதவீதம் கூடும்.

டர்போவுக்கு ஒரு நல்ல நேரம் உண்டு

டர்போ என்பது புகையில் ஓடுகிற காற்றாடி. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அதைத் தள்ளுகிற அளவுக்குப் புகை வராது. ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். தாண்டினால்தான் 'குபீர்'னு கிளம்பும். முதல் தலைமுறை இன்னோவாவை எடுத்துக்குங்க. 2005-ல் இந்தியாவுக்கு வந்த அந்த 2.5 லிட்டர் டீசலுக்கு முழு இழுவையான 200 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 1,400-லிருந்து 3,400 ஆர்.பி.எம். வரைக்கும். அதுக்குக் கீழே கொஞ்சம் சோம்பேறி, மேலே சத்தம்தான் ஜாஸ்தி.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. டயர் 205/65 ஆர்15. அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், உள்ளே 15 இன்ச் ரிம். மொத்த விட்டம் சுமார் 648 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 2.03 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த டயர் நிமிஷத்துக்கு சுமார் 820 தடவை சுற்றும். இதை டாப் கியர் விகிதத்தாலும் ஆக்ஸில் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜின் ஆர்.பி.எம். ரெடி.

கணக்குக்காக டாப் கியர் 0.8, ஆக்ஸில் 4.1 என்று வைத்துக்கொள்வோம். 100-ல் போனால் இன்ஜின் சுமார் 2,690. 80-ல் 2,150. ரெண்டுமே டர்போவின் நல்ல நேரத்துக்குள் பத்திரமாக இருக்கு. 50-க்கு இறங்கினால் 1,340. அவ்வளவுதான், நல்ல நேரம் முடிஞ்சுது! அதனால்தான் ஊருக்குள் நுழையும்போது டிரைவர் அண்ணன் டாப் கியரிலேயே அமுக்காமல் ஒரு கியர் குறைக்கிறார்.

அதே வண்டியில் ஆக்ஸிலை 3.7 ஆக்கினால்? 100-ல் 2,425. சத்தம் குறையும், டீசல் மிச்சம். ஆனால் 50-ல் 1,210. அங்கிருந்து ஓவர்டேக் பண்ண நினைத்தால், டர்போ எழுந்து பல் தேய்த்து வருவதற்குள் எதிர் லாரி பக்கத்தில் வந்துடும்.

திசைக்கு ஒரு ரோடு

சிறுவாச்சூரை இந்தப் பாடத்துக்குத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கு. இங்கிருந்து ஒரு மணி நேர சுத்துவட்டத்தில் மூணு விதமான ரோடு கிடைக்கும்.

முதல் ரோடு, கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற நால்வழிச் சாலை. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்குச் சின்ன விகிதம்தான் லாபம். டர்போவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதுக்கு லோடு வேணும். இன்ஜின் சும்மா சுற்றினால் காற்றை அழுத்தாது. கொஞ்சம் பாரம் ஏற்றினால்தான் வேலை செய்யும். அதனால் டர்போ இல்லாத வண்டியை விட டர்போ வண்டிக்குக் கொஞ்சம் சின்ன விகிதம் தாங்கும்.

ரெண்டாவது, கிழக்கே அரியலூர் ரோடு. ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்த பூமி அது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசு நிறுவனமான டான்செம் முதல் ராம்கோ, டால்மியா வரை சிமென்ட் ஆலைகள் இருக்கு. சுரங்கத்தின் குழியிலிருந்து கல்லை ஏற்றிக்கிட்டு மேலே ஏறுகிற டிப்பருக்கு வேகம் எதுக்கு? இழுவைதான் முக்கியம். அதனால் சுரங்க டிப்பர்கள் பலவற்றில் கிரௌன்-பினியனோடு நிறுத்தாமல், சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயும் பல்சக்கரங்கள் வைத்து இன்னொரு முறை வேகத்தைக் குறைப்பார்கள். மொத்த விகிதம் 6-ஐத் தாண்டிப் போகும்.

மூணாவது, மேற்கே பச்சைமலை. பெரம்பலூர் போய் துறையூர் ரோட்டைப் பிடித்தால் மலைக்குப் போகலாம். கொண்டை ஊசி வளைவில் வேகம் 15-க்கு இறங்கி, வளைந்த உடனே ஏறணும். இங்கே சின்ன விகிதம் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் இன்ஜின் நல்ல நேரத்துக்குக் கீழே விழும், கறுப்புப் புகை விடும், கிளட்ச் கருகும்.

உங்க வண்டி வருஷத்தில் 300 நாள் எந்த ரோட்டில் ஓடுதோ, அந்த ரோட்டுக்கு விகிதம் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போகிற மலைக்கு இல்லை!

டயர் மாத்தினா கியரும் மாறும்

சிறுவாச்சூருக்குத் தெற்கே அதே ஹைவேயில், நாரணமங்கலம் பக்கம் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கு. அந்தப் பக்கம் போகும்போது இதையும் யோசிங்க. நம்ம பசங்க செகண்ட் ஹேண்ட் பொலேரோவோ ஜீப்போ வாங்கின உடனே செய்கிற முதல் வேலை, 'கெத்தா' பெரிய டயர் போடுவது!

215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 704 மில்லிமீட்டர். அதைக் கழற்றிட்டு 31 இன்ச் டயர் போட்டால் 787. சுமார் 12 சதவீதம் பெரிசு. கிரௌனைத் தொடவே இல்லை. ஆனால் உங்க 4.1 ஆக்ஸில் 3.66 மாதிரி நடந்துக்கும். பிக்கப் போச்சு, டர்போ தூங்கும் நேரம் கூடிப் போச்சு.

அது கூடப் பரவாயில்லை. இதைக் கவனிங்க: ஸ்பீடோ மீட்டருக்கு நீங்க டயர் மாத்தினது தெரியாது. முள் 80 காட்டும்போது வண்டி நிஜமாகப் போவது கிட்டத்தட்ட 90-ல்! வேகம் 12 சதவீதம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் சுமார் 25 சதவீதம் கூடும், ஏன்னா அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக். பஸ்ஸிலிருந்து இறங்கின ஒரு பாட்டி மாவிளக்குத் தட்டோடு ரோட்டைக் கடக்கிறாங்கன்னு நினைச்சுப் பாருங்க. 'நான் 80-லதான் வந்தேன்'னு அப்போ முள்ளைக் காட்ட முடியாது, பாஸ்.

பெரிய டயரே வேணும்னா, ஆக்ஸில் விகிதத்தையும் அதே சதவீதம் கூட்டணும். 4.1 இருந்த இடத்தில் சுமார் 4.6. அப்போ பழைய இழுவை திரும்ப வரும். ஆனால் சக்கரத்திலிருந்து வேகம் அளக்கிற வண்டிகளில், கிரௌன் மாற்றினாலும் ஸ்பீடோ மீட்டரைச் சரிபார்த்தே ஆகணும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கூடுதல் பாரம் என்பதும் மாறாது.

கிளம்புறதுக்கு முன்னாடி செக் லிஸ்ட்

* டயர் பக்கச் சுவரில் இருக்கிற அளவை எழுதுங்க. விட்டத்தைக் கணக்குப் போடுங்க.

* மேனுவலில் ஆக்ஸில் விகிதம், முழு இழுவை கிடைக்கிற ஆர்.பி.எம். ரெண்டையும் பாருங்க. நீங்க வழக்கமாகப் போகிற வேகம் அந்த எல்லைக்குள் வருதா?

* ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருக்கணும். ஒண்ணை மட்டும் மாற்றினால் ரெண்டும் மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் காலி.

* ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர டிரைவ் காரில் பின் ஆக்ஸிலைத் தேடாதீங்க. அதே விகிதம் 'ஃபைனல் டிரைவ்' என்ற பெயரில் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். டயர் கணக்கு மட்டும் மாறாது.

* செகண்ட் ஹேண்ட் வண்டியா? டயர் அளவை மேனுவலோடு ஒப்பிடுங்க. மாறியிருந்தால் ஜி.பி.எஸ். வேகத்தையும் முள்ளையும் ஒரு தடவை ஒப்பிட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்குங்க, கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிக்குங்க. கோயிலுக்கு வெளியே நிற்கிற பத்து வண்டியின் டயர் அளவைக் குறிச்சா, மதியத்துக்குள் பத்து கணக்கு ரெடி. சந்தேகம் வந்தால் மர நிழலில் நிற்கிற டிரைவர் அண்ணன்கிட்ட, 'அம்பதுல டாப் கியர் இழுக்குமாண்ணே?'ன்னு கேட்டுப் பாருங்க. ஃபார்முலா இல்லாமலே பதில் வரும். அதை உங்க விடையோடு டிக் அடிச்சுப் பாருங்க!